அரை ஒட்டுண்ணி என்றால் என்ன? ஒரு புல்வெளிப் பூவும் நம் ஊர்க் குருவிச்சையும்

வன்னியில் குருவிச்சையை அறியாதவர் எவருமில்லை. வளவில் நிற்கும் மாமரத்திலும், வேலியோரத்து வேம்பிலும், குளக்கட்டில் நிற்கும் பெரிய மரங்களிலும் அது தொற்றி வளர்கிறது. சோளகம் வீசி முடியும் காலத்தில், மரத்தின் சொந்த இலைகள் புழுதி படிந்து வாடி நிற்க, கிளையின் ஓரிடத்தில் மட்டும் தடித்த பசிய இலைகளோடு ஒரு பற்றை செழித்திருந்தால், அது பெரும்பாலும் குருவிச்சையாகத்தான் இருக்கும். “மரத்தைத் தின்னுது, வெட்டிவிடு” என்று பெரியவர்கள் சொல்வார்கள். சொல்வது சரிதான். ஆனால் அது மரத்தையே தின்று வாழ்கிறதென்றால், அதற்குப் பச்சை இலைகள் எதற்கு? பச்சையம் உள்ள இலை சூரிய ஒளியைக் கொண்டு உணவு ஆக்குவதற்கென்றே அமைந்தது. உணவைப் பிறரிடமிருந்து எடுக்கும் செடிக்கு அப்படியோர் இலை தேவையில்லை. இந்தக் கேள்விக்கான விடைதான் அரை ஒட்டுண்ணி என்னும் கருத்து.

ஒரு தாவரம் வாழ்வதற்கு இரண்டு வகைப் பொருள்கள் வேண்டும். ஒன்று, இலையில் ஒளித்தொகுப்பின் மூலம் ஆக்கப்படும் சர்க்கரை. மற்றொன்று, வேர் வழியாக மண்ணிலிருந்து எடுக்கப்படும் நீரும், அதில் கரைந்துள்ள நைதரசன், பொசுபரசு, பொட்டாசியம் முதலிய கனியுப்புகளும். இரண்டையுமே வேறொரு தாவரத்திடமிருந்து எடுத்துக்கொள்வது முழு ஒட்டுண்ணி. அதற்குப் பச்சையம் இல்லை. மண்ணிலிருந்து வெளிவரும்போதே வெளிறியோ, மஞ்சளாகவோ, ஊதாவாகவோதான் வரும். தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் புகையிலைத் தோட்டங்களில் முளைக்கும் புகையிலைக் காளான் இவ்வகையைச் சேர்ந்தது. பேரில் காளான் என்றிருந்தாலும் அது பூக்கும் தாவரம்தான். அரை ஒட்டுண்ணியோ சர்க்கரையின் பெரும்பகுதியைத் தன் இலையில் தானே ஆக்கிக்கொண்டு, நீரையும் உப்புகளையும் மட்டும் அயலிலுள்ள தாவரத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. அடுப்பு தன்னுடையது, கிணறு அடுத்த வீட்டுடையது என்று குடித்தனம் நடத்துவது போன்றது இது. எந்தத் தாவரத்திலிருந்து இவ்வாறு எடுக்கப்படுகிறதோ அதை விருந்து வழங்கி என்கிறோம். விரும்பி அழைத்து விருந்து வைப்பதில்லை என்றாலும், பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்ட பெயர் அது.

உலகில் பூக்கும் தாவரங்களில் ஏறத்தாழ 4,500 இனங்கள், அதாவது நூற்றுக்கு ஒன்று என்ற அளவில், ஏதோவொரு வகையில் ஒட்டுண்ணிகளாக வாழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை அரை ஒட்டுண்ணிகளே. குருவிச்சை தண்டில் தொற்றுவதால் கண்ணில் படுகிறது. ஆனால் தொகையில் மிகுந்தவை வேரில் தொற்றுபவை. அவை மண்ணில் வேரூன்றி, ஏனைய செடிகளைப்போலவே பச்சை இலையும் பூவும் காயுமாக நிற்பதால், அடியில் என்ன நடக்கிறது என்பது மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. அவற்றுள் மிக நன்றாக ஆராயப்பட்ட ஒன்றை எடுத்துக்கொண்டால் கருத்து முழுவதும் விளங்கும். அது ஐரோப்பியப் புல்வெளிகளில் வளரும் ‘யெலோ ரட்டில்’ எனப்படும் மஞ்சள் பூச்செடி. அறிவியற் பெயர் ரைனாந்தஸ் மைனர்.

முழங்கால் உயரத்தைத் தாண்டாத, ஓராண்டே வாழும் சிறு செடி அது. நேராக நிமிர்ந்த தண்டில், விளிம்பு பல்வைத்த ஒடுங்கிய இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்திருக்கும். பூ மஞ்சள் நிறம். மேலுதடு, கீழுதடு என இரண்டு பகுதிகளாகப் பிரிந்து, காற்று நிரம்பியது போல் உப்பிய பச்சைப் புல்லிக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும். பூ உதிர்ந்ததும் அந்தப் புல்லி காய்ந்து பழுப்பாகி, உள்ளே தட்டையான விதைகள் தளர்ந்து கிடக்க, காற்று அசைத்தால் கிலுகிலுவென்று ஒலிக்கும். (நம் பக்கத்துக் கிலுகிலுப்பைச் செடிக்கும் இதற்கும் உறவில்லை, அது அவரைக் குடும்பம்.) வைக்கோலுக்காகப் புல் வளர்க்கும் ஐரோப்பியக் குடியானவர்கள் அந்த ஒலியைக் கேட்டே புல் அறுக்கும் பருவம் வந்துவிட்டதென்று கணித்தார்கள். அதே செடியை அவர்கள் விரும்பவும் இல்லை. அது மிகுந்த இடத்தில் புல் குட்டையாகவும் ஐதாகவும் நிற்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டிருந்தார்கள். காரணம் தெரியவந்தது 1847ஆம் ஆண்டளவில்தான்; பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஜோசப் தெக்கேன் இச்செடியின் வேர்கள் அயற்செடிகளின் வேர்களோடு பிணைந்திருப்பதை அப்போது எடுத்துக்காட்டினார்.

அந்தப் பிணைப்பைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். இச்செடியின் விதை முளைத்து, வேர் மண்ணில் பரவும்போது புல்லின் வேரொன்றைத் தொட நேர்ந்தால், தொட்ட இடத்தில் குண்டூசித் தலை போன்ற ஒரு சிறு முடிச்சு உருவாகிறது. அதை உறிஞ்சி எனலாம். முடிச்சு புல்வேரைப் பக்கவாட்டில் கவ்விப் பிடித்துக்கொள்ள, அதன் நடுவிலிருந்து ஆப்பு வடிவில் ஒரு திசு கிளம்பி, புல்வேரின் தோலையும் புறணியையும் ஊடுருவி, நீரைக் கடத்தும் காழ்க் குழாய்கள் வரை சென்று சேர்கிறது. சேர்ந்ததும் இரண்டு செடிகளின் காழ்களுக்கும் இடையே ஒரு தொடர்பாதை திறந்துவிடுகிறது. ஒரே செடி இவ்வாறு பல புற்களின் வேர்களில், பல இனங்களில், ஒரே நேரத்தில் முடிச்சுப் போட்டிருக்கக்கூடும். ஒரு புல் காய்ந்தாலும் அதன் பிழைப்புக்குக் குறைவில்லை.

பாதை திறந்தால் மட்டும் நீர் வந்துவிடாது. தாவரத்தில் நீர் மேலேறுவது இலைகளிலிருந்து நீர் ஆவியாகும் இழுப்பினால். அந்த இழுப்பு புல்லிலும் உண்டு. ஆகவே ஒட்டுண்ணி புல்லைவிட வலுவாக இழுத்தாக வேண்டும். இதற்கு அது இரண்டு வழிகளைக் கையாளுகிறது. முதலாவது, இலைவாய்களை மூடாமல் வைத்திருப்பது. சாதாரணச் செடி நீர்த்தட்டுப்பாடு வந்தால் பகலிலும், ஒளியில்லாததால் இரவிலும் இலைவாய்களை மூடிக்கொள்ளும். இச்செடியோ இரவிலுங்கூட அவற்றைத் திறந்தே வைத்து நீரை வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது, தன் உயிரணுக்களில் மனிற்றோல் என்னும் சர்க்கரை வகைப் பொருளையும், இழுத்தெடுத்த உப்புகளையும் செறிவாகச் சேர்த்து வைப்பது. செறிவு கூடிய பக்கம் நீர் செல்லும் என்பது பிரசாரணம் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். இவ்வளவு ஊதாரித்தனமாக நீரைச் செலவிடும் செடி பிழைப்பது, அந்த நீர் தன் சொந்தத் தேட்டம் அல்லாததால்தான். குருவிச்சையின் இலை, கோடையிலும் பசுமையாக நிற்பதற்கு அடிப்படைக் காரணமும் இதே கணக்குத்தான்.

‘அரை’ என்ற சொல்லைக் கொண்டு எதையும் சரிபாதியாகப் பிரித்துவிட முடியாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். காழில் ஓடும் நீரில் உப்புகளோடு விருந்து வழங்கி ஆக்கிய கரிமச் சேர்வைகளும் கரைந்திருக்கும். அவையும் கூடவே வந்து சேரும். சில அரை ஒட்டுண்ணிகளில் உடலில் உள்ள காபனின் மூன்றிலொரு பங்கு அளவு இவ்வாறு பிறரிடமிருந்து வந்ததென்று கண்டிருக்கிறார்கள். மறுபுறம், ரைனாந்தஸ் யாருமில்லாத இடத்திலும் முளைத்து, நோஞ்சானாக ஓரிரு பூக்கள் பூத்துவிட்டுப் போகவும் கூடும். முழுச் சுயதொழிலுக்கும் முழு ஒட்டுண்ணித்தனத்திற்கும் இடையிலே ஒரு நீண்ட வரிசை; அதில் ஒவ்வோர் இனமும் தனக்கென ஓரிடத்தில் நிற்கிறது.

அயலில் நிற்கும் எல்லாச் செடிகளும் இந்த ஊடுருவலுக்கு இடங்கொடுப்பதில்லை. புற்களும் அவரைக் குடும்பச் செடிகளும் எளிதில் ஆட்படுகின்றன. ஆனால் அதே புல்வெளியில் வளரும் பிளாண்டாகோ என்னும் பூண்டின் (புல்லல்லாத சிறு செடியின்) வேரை உறிஞ்சி தொட்டால், தொட்ட இடத்து உயிரணுக்கள் தாமாகவே இறந்து ஒரு தடைச்சுவர் ஆகிவிடுகின்றன. வேறு சில பூண்டுகள் அவ்விடத்தை இலிக்னின் என்னும் மரப்பொருளால் இறுக்கிக்கொள்கின்றன. ஆக, இந்த ஒட்டுண்ணியால் நலிவடைவது பெரும்பாலும் புல். தப்பித்து நிற்பது பெரும்பாலும் பூண்டு. புல்வெளியின் தலைவிதியை மாற்றுவது இந்தச் சிறு வேறுபாடுதான்.

ஐரோப்பாவில் இதை ஏன் இவ்வளவு பெரிய விடயமாகப் பேசுகிறார்கள் என்று வன்னியில் இருந்து கேட்பவருக்குச் சற்று விளக்கம் வேண்டும். அங்கே பழைய வைக்கோற் புல்வெளிகள் என்பவை வெறும் புல் மட்டுமல்ல. ஒரு சிறு பரப்பிலேயே பல்வகைப் பூண்டுகளும், அவற்றை நாடி வரும் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளுமாக இருந்தவை. செயற்கை உரம் வந்தபின், உரத்தை வேகமாக எடுத்து வளரும் ஒருசில முரட்டுப் புல்லினங்கள் ஓங்கி, ஏனையவற்றை நிழலிட்டு அழித்தன; பல நிலங்கள் உழப்பட்டு வேறு பயிருக்கும் போயின. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930களுக்கும் 1984க்கும் இடையில் இத்தகைய தாழ்நிலப் புல்வெளிகளில் 97 வீதம் அழிந்துபோனது. இன்று அவற்றை மீட்க முயல்பவர்கள் பூவிதைகளை மட்டும் தூவிப் பயனில்லை என்று கண்டார்கள். தடித்த புற்பரப்புக்குள் நாற்று எழ முடிவதில்லை. அதனால் முதலில் ரைனாந்தஸை விதைக்கிறார்கள். அது புல்லின் வீறைக் குறைத்து, வெளிச்சம் தரையைத் தொடும்படி இடைவெளி உண்டாக்க, மற்றப் பூண்டுகள் அந்த இடைவெளிகளில் காலூன்றுகின்றன. வைக்கோலைக் குறைக்கிறதென்று ஒரு காலத்தில் வெறுக்கப்பட்ட அதே குணத்துக்காகவே இன்று அதன் விதையை விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

விதைப்பதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. புல்லை ஒட்ட அறுத்து, தரையைக் கீறி மண் தெரியவிட்டு, அந்த ஆண்டின் புதிய விதையை இலையுதிர் காலத்தில் தூவ வேண்டும். ஏனென்றால் அவ்விதை குளிர்காலத்தின் கடுங்குளிரில் சில மாதங்கள் கிடந்தால்தான் முளைக்கும். மண்ணில் நெடுநாள் உறங்கிக் கிடக்கும் ஆற்றலும் அதற்கு இல்லை. விதை முற்றுமுன் புல்லை அறுத்துவிட்டால், ஓரிரு ஆண்டிலேயே அச்செடி அந்த இடத்திலிருந்து அற்றுப்போகும். ஆகவே இலண்டனிலோ பாரிஸிலோ இருக்கும் உறவினர் ஒருவர் விதைப் பொட்டலம் அனுப்பினாலும், கிளிநொச்சியில் அது முளைக்கப்போவதில்லை. முளைத்தாலும் நமக்கு அதன் தேவை இல்லை என்பது என் எண்ணம். நம் குளங்களின் உட்பரப்பிலும் தரவைகளிலும் மாடுகள் மேயும் புற்றரைக்கு எவரும் உரம் இடுவதில்லை. மாரியில் வெள்ளமும், கோடையில் வரட்சியும், நாளெல்லாம் மாட்டின் வாயும் சேர்ந்து, எந்த ஒரு புல்லும் தனியாட்சி செய்ய விடாமல் அங்கே பார்த்துக்கொள்கின்றன.

நமக்கு நேரடியாகப் பொருள்படுவது இச்செடியின் ஓர் உறவுக்காரச் செடி. ஒரோபாங்கேசி என்னும் அதே குடும்பத்தில் ஸ்ட்ரைகா என்றொரு பேரினம் உண்டு; தமிழ்நாட்டு விவசாய நூல்களில் சுடுமல்லி என்று எழுதுகிறார்கள். இலங்கை உட்படத் தென்னாசியாவின் உலர் நிலங்களிலும் ஆபிரிக்காவிலும் இதன் இனங்கள் வளர்கின்றன. ஒரு சாண் அளவில் நிற்கும், ஒடுங்கிய சொரசொரப்பான இலையும் சிறிய பூவும் கொண்ட இந்தச் செடியைப் பார்த்தால் எவருக்கும் பயம் வராது. ஆனால் சோளம், இறுங்கு, குரக்கன், கரும்பு, மானாவாரியாக மேட்டில் விதைத்த நெல் ஆகிய புற்குடும்பப் பயிர்களின் வேரில் இது தொற்றினால், மண்ணில் ஈரம் இருக்கும்போதே பயிர் வாடி, இலை வெளிறி, வளர்ச்சி நின்றுவிடும். சேதத்தின் பெரும்பகுதி சுடுமல்லி மண்ணுக்கு மேலே தலைகாட்டுவதற்கு முந்திய வாரங்களிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. செடியைக் கண்டபின் பிடுங்குவதால் அந்தப் போகத்துப் பயிர் பெரிதாகத் தேறுவதில்லை.

இதன் விதையின் கதைதான் இத்துறையிலேயே மிகவும் சுவையானது. ஒரு மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்குகூட இல்லாத தூசி போன்ற விதைகள். ஒரே செடியில் பல்லாயிரம். அவ்வளவு சிறிய விதைக்குள் சேமித்த உணவு இல்லையென்றே சொல்லலாம். முளைத்த சில நாட்களுக்குள் பக்கத்தில் ஒரு வேரைப் பிடிக்காவிட்டால் சாவுதான். ஆகவே அது கண்டபடி முளைப்பதில்லை. பத்து ஆண்டுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடந்து, ஏற்ற வேர் ஒன்று மில்லிமீற்றர் கணக்கில் அருகே வந்ததை அறிந்த பின்பே முளைக்கிறது. எப்படி அறிகிறது? வேர் கசியவிடும் ஒரு வேதிப்பொருளைக் கொண்டு. 1966இல் பருத்தி வேரின் கசிவிலிருந்து அத்தகைய பொருளொன்றைப் பிரித்தெடுத்து ‘ஸ்ட்ரைகோல்’ என்று பெயரிட்டார்கள். ஒட்டுண்ணியைத் தட்டி எழுப்பும் ஒரு பொருளைச் செடிகள் ஏன் கசியவிட வேண்டும் என்ற கேள்விக்கு 2005வரை விடை கிடைக்கவில்லை. மண்ணில் பொசுபரசு போதாதபோது, அதைத் தேடித் தரும் நன்மையான பங்கசுகளை வேருக்கு அழைப்பதற்காகவே செடி அதைக் கசியவிடுகிறது என்பது அப்போது தெரிந்தது. 2008இல் அதே வகைப் பொருள்கள் செடிக்குள்ளே கிளை விடுவதைக் கட்டுப்படுத்தும் ஓமோனாகவும் வேலை செய்வது தெளிவாயிற்று. நண்பனை அழைக்கும் குரலைச் சுடுமல்லி ஒட்டுக் கேட்கிறது. வளம் குன்றிய மண்ணில் பயிர் அதிகமாகக் கசியவிடுவதால் ஒட்டுண்ணியும் அங்கேதான் அதிகமாக எழுகிறது; ஏழை நிலத்துக்கே இந்தத் தொல்லை மிகுதியாக வருவதன் காரணம் இதுவே.

இதைப் புரிந்துகொண்டால் செய்யவேண்டியவையும் தாமாகவே விளங்கும். நீர் கட்டிய வயலில் இது தொல்லை தருவதில்லை. ஆதலால் குளத்துப் பாய்ச்சலில் நெல் செய்பவர் கவலைப்படத் தேவையில்லை. மேட்டுநிலத்தில் குரக்கனோ சோளனோ செய்பவர், எருவிட்டு மண்ணைத் தேற்றுவதும், ஒரே நிலத்தில் தொடர்ந்து புற்குடும்பப் பயிரையே செய்யாமல் கச்சானையும் கௌப்பியையும் மாற்றி மாற்றி இடுவதும் பயன் தரும். இவற்றின் வேர்க்கசிவும் சுடுமல்லி விதையை எழுப்பும். ஆனால் எழுந்த முளைக்குப் பிடித்துக்கொள்ளத் தகுந்த வேர் கிடைக்காமல் அது செத்துப்போகும். பெரும்போகத்தில் மேட்டுக்காணியில் கச்சான் போடும் வழக்கம் வன்னியில் முன்பே உள்ளது. முளைத்துவிட்ட செடியைப் பூக்குமுன் பிடுங்குவது இந்தப் போகத்துக்காக அல்ல, வரும் பத்துப் போகங்களுக்காக. 1956இல் அமெரிக்காவின் கரோலைனா மாநிலங்களில் இச்செடி காணப்பட்டபோது, அந்நாட்டு அரசு மண்ணுக்குள் எதிலீன் வாயுவைச் செலுத்தி, விருந்து வழங்கி இல்லாத வேளையில் விதைகளை முளைக்கவைத்துக் கொல்வது வரை பல முறைகளைக் கையாண்டு, பல பத்தாண்டுகள் செலவிட வேண்டியிருந்தது. ஆபிரிக்காவில் இதைத் தாங்கும் இறுங்கு வகைகளை உருவாக்கிய எதியோப்பியரான கெபிசா எஜெட்டாவுக்கு 2009இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

ஐரோப்பாவில் போற்றப்படும் செடியும் நம் பக்கத்தில் வெறுக்கப்படும் செடியும் செய்வது ஒரே வேலை: புல்லின் வேரில் முடிச்சிட்டு நீரையும் உப்பையும் இழுப்பது. அங்கே நலிவது பிறவற்றை அடக்கி வளர்ந்த முரட்டுப் புல். இங்கே நலிவது குரக்கன். ஒட்டுண்ணி நல்லதா கெட்டதா என்று கேட்பதைவிட, அது யாரைப் பலவீனமாக்குகிறது என்று கேட்பதே சரி. முல்லைத்தீவுக் கரையோர மணற்பற்றைகளின் மேல் மஞ்சளும் பச்சையுமாக நூல்நூலாகப் படர்ந்து கிடக்கும் கொத்தானும் ஓர் அரை ஒட்டுண்ணியே. கறுவாவின் குடும்பத்தைச் சேர்ந்தது என்றால் பலர் நம்பமாட்டார்கள். அதன் ஆஸ்திரேலிய இனமொன்று, அந்நாட்டுச் சொந்தச் செடிகளைவிட, வெளியிலிருந்து வந்து ஆக்கிரமித்த முட்செடிகளையே அதிகமாக நலிவிப்பதை அங்குள்ள ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். சந்தன மரமும் வேரால் தொற்றும் அரை ஒட்டுண்ணிதான். நாற்றுமேடையில் சந்தனக் கன்றோடு அதே பையில் பொன்னாங்கண்ணியை நடுவது அழகுக்காக அல்ல. துணை வேர் இல்லாத கன்று தேறுவதில்லை.

இனி, வளவில் நிற்கும் மாமரத்துக் குருவிச்சை. அதன் பழத்தைப் பூக்கொத்திக் குருவி விழுங்கி, பசை ஒட்டிய விதையைக் கிளையில் தேய்த்து விடுகிறது. விதை அங்கேயே முளைத்துப் பட்டையைத் துளைக்கிறது. பற்றையை மட்டும் ஒடித்தெடுத்தால் கிளைக்குள் புகுந்த பகுதி மீண்டும் துளிர்க்கும். ஆகவே கிளை வீங்கியிருக்கும் இடத்துக்கு ஒரு முழம் அடிப்பக்கமாக, காய் பழுக்குமுன், கிளையோடு சேர்த்து வெட்டுவதே முறை. அடிமரத்திலேயே தொற்றி, வெட்ட முடியாத நிலையில் இருந்தால், இலை விடும்போதெல்லாம் ஒடித்துவிட்டு வரலாம். இலை இல்லாமல் அதன் ‘அரை’ வாழ்வு நெடுநாள் நடக்காது. காட்டில் பாலையிலும் வீரையிலும் தொற்றியிருப்பதைத் தேடிப்போய் வெட்டவேண்டியதில்லை. வரட்சிக் காலத்தில் தேன்சிட்டுக்கும் பூக்கொத்திக்கும் அதன் பூவும் பழமும் இரை.